கல்யாணப் படங்களின் கான்ட்ராஸ்ட்டும் நிறமும்: கிம்ப்பில் திருத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வீட்டுப் படங்களைக் கிம்ப் (GIMP) என்ற படத் திருத்த மென்பொருளில் திருத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மெனுப் பெயர்கள் கிம்ப் 2.10, 3.0 இரண்டையும் ஒட்டியவை. லைட்ரூம், ஃபோட்டோஷாப், கைப்பேசியில் ஸ்னாப்சீட் வைத்திருப்பவர்களும் படிக்கலாம். கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், பட்டன்தான் வேறு இடத்தில் இருக்கும்.

எதை முதலில் தொடுவது, வெளிச்சத்தையா நிறத்தையா?

வெளிச்சத்தைத்தான். படத்தில் மிகக் கருமையான இடம் எது, மிகப் பளிச்சென்ற இடம் எது, முகம் இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் நிறத்தில் பாதிச் சிக்கல் தானே அவிழ்ந்துவிடும். புகை படிந்தாற்போல் மங்கிக் கிடக்கும் படத்தைப் பார்த்து "கலரே இல்லை" என்கிறோம். பெரும்பாலும் அங்கே குறைவது கருப்புதான்.

காரணம் எண்களில் இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். மங்கலான அரக்குப் புடவையில் ஒரு புள்ளி 150, 100, 90 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்ட்டை, அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை, ஒன்றரை மடங்கு கூட்டினால் அது ஏறத்தாழ 161, 86, 71 ஆகிவிடும். மூன்று எண்களுக்கும் இடையே உள்ள தூரம் விரிகிறது. அந்தத் தூரம்தான் நிறத்தின் அடர்த்தி. அந்த அடர்த்தியை ஏற்றும் சாச்சுரேஷன் ஸ்லைடரை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் புடவைக்கு நிறம் கூடிவிட்டது. முதலில் சாச்சுரேஷனை ஏற்றிவிட்டுப் பிறகு கான்ட்ராஸ்ட்டுக்கு வருகிறவர் ஒரே நிறத்தை இரண்டு தடவை ஏற்றுகிறார். நம் ஊர் ஆல்பங்களில் மாலையின் ரோஜாக்கள் சிவப்புக் குழம்பாகத் தெரிவதற்கு இதுதான் முதல் காரணம்.

ஹிஸ்டோகிராமை எப்படிப் படிப்பது?

படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம். இடப்பக்கம் கருப்பு, வலப்பக்கம் வெள்ளை. ஒரு வெளிச்ச அளவில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதை உயரம் காட்டும். மேடு நடுவில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. இரவுத் தேரோட்டப் படத்தில் எல்லாம் இடப்பக்கம் குவிந்திருந்தால் அதில் தப்பில்லை, அது இரவு.

கவனிக்க வேண்டியவை இரண்டு ஓரங்கள். வலது ஓரத்தை ஒட்டி ஒரு கோடு செங்குத்தாக எழுந்து நின்றால் அந்த இடத்தில் விவரம் போய்விட்டது என்று பொருள். வேட்டியின் மடிப்பும் சட்டையின் நெசவும் அங்கேதான் காணாமல் போகும். இரண்டு ஓரங்களிலும் வெறும் தரையாக இடம் விட்டிருந்தால் படம் மங்கல், பின்னால் சொல்லும் லெவல்ஸ் கருவியில் இழுத்துச் சரி செய்யலாம்.

மொத்த ஹிஸ்டோகிராமோடு நிற்காமல் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாகவும் பாருங்கள். முகூர்த்தப் புடவை சிவப்பாக இருந்தால் மொத்த வரைபடம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்புச் சேனல் மட்டும் 255இல் போய் முட்டிக்கொண்டிருக்கும். ரா கோப்பு (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) கையில் இருந்தால் எக்ஸ்போஷரை இறக்கி மீட்கலாம். ஜேபெக் மட்டும்தான் என்றால், ஹியூ-சாச்சுரேஷனில் சிவப்பை மட்டும் தேர்ந்து சாச்சுரேஷனைக் குறைத்துப் பாருங்கள். பச்சை, நீலச் சேனல்களில் மிச்சமிருக்கும் மடிப்புகள் கொஞ்சம் வெளியே வரும். போனது முழுதும் திரும்பாது.

பிரைட்னஸ்-கான்ட்ராஸ்ட் ஸ்லைடரே போதாதா?

அவசரத்துக்குப் போதும். ஆனால் பிரைட்னஸை ஏற்றினால் படம் முழுக்க ஏறும், முகத்துக்காக ஏற்றியது வேட்டியையும் வெளுத்துவிடும். அந்தப் பெட்டியிலேயே "இந்த அமைப்பை லெவல்ஸாகத் திருத்து" என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் ஸ்லைடர் உள்ளே என்ன செய்தது என்று கண்ணால் பார்க்கலாம். அதன் பிறகு பலர் பழைய பெட்டிக்குத் திரும்புவதில்லை.

லெவல்ஸில் உள்ள மூன்று முக்கோணங்கள் என்ன செய்கின்றன?

இடப்பக்க முக்கோணத்தை உள்ளே நகர்த்தினால் அந்த இடம் கருப்பாகும். வலப்பக்கத்தை நகர்த்தினால் அந்த இடம் வெள்ளையாகும். நடுவில் இருப்பது காமா. ஓரங்களை அசைக்காமல் நடு டோன்களை, அதாவது நடுத்தர வெளிச்ச அளவுகளை, மட்டும் ஏற்றி இறக்கும்.

மேடு தொடங்கும் இடத்துக்கு இடப்பக்கத்தையும், முடியும் இடத்துக்கு வலப்பக்கத்தையும் கொண்டுவாருங்கள். விளக்குச் சுடரும் நகையின் மினுக்கலும் வெள்ளையில் முட்டலாம், அவற்றைக் காப்பாற்றப் பார்த்தால் படம் முழுக்க இருண்டு போகும். வேட்டி முட்டக் கூடாது. கூந்தலின் உள்மடிப்பு கருப்பில் முட்டலாம், மாப்பிள்ளையின் கருநீலக் கோட் முட்டக் கூடாது. இந்த நான்கையும் பார்த்துக்கொண்டால் முக்கோணங்களை எங்கே நிறுத்துவது என்பது தெரிந்துவிடும்.

கர்வ்ஸ் என்றாலே பயமாக இருக்கிறது. அந்த எஸ் வளைவு எதற்கு?

கர்வ்ஸ் பெட்டியில் கீழ்க்கோடு வந்த வெளிச்சம், பக்கவாட்டுக்கோடு போகும் வெளிச்சம். ஆரம்பத்தில் மூலைக்கு மூலை நேர்கோடு, அதாவது வந்தது வந்தபடியே போகும். கோட்டை ஓர் இடத்தில் மேலே தள்ளினால் அந்த டோன் வெளுக்கும், கீழே இழுத்தால் கருக்கும். இது எல்லோருக்கும் சீக்கிரம் புரிந்துவிடும். புரிய நாளாவது சரிவு. கோடு எங்கே செங்குத்தாகிறதோ அங்கே கான்ட்ராஸ்ட் கூடும், எங்கே படுத்துக்கொள்கிறதோ அங்கே குறையும்.

நிழல் பக்கம் கொஞ்சம் இறக்கி ஹைலைட் (பளிச்சென்ற) பக்கம் கொஞ்சம் ஏற்றினால் வருவதுதான் எஸ் வளைவு. நடுப்பகுதி செங்குத்தாகி எடுப்பாகத் தெரியும். ஆனால் கையில் உள்ள டோன்கள் மாதச் சம்பளம் மாதிரி, மொத்தம் மாறாது. நடுவில் தாராளமாகச் செலவழித்தால் இரண்டு ஓரங்களிலும் சிக்கனம் பிடித்தாக வேண்டும். எஸ் வளைவை வலுவாகப் போட்ட படத்தில் முகம் எடுப்பாக இருக்கும், கூந்தலில் இழை தெரியாது, மல்லிகைச் சரத்தில் பூக்கள் தனித்தனியாகப் பிரியாது. எனவே எதற்காகச் செலவழிக்கிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். தாலி கட்டும் படத்தில் முகத்துக்கு. கோலத்தைக் காட்டும் படத்தில் தரைக்கு.

முகம் வளைவில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிய, கர்வ்ஸ் திறந்திருக்கும்போதே ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு படத்தில் கன்னத்தின் மேல் கிளிக் செய்யுங்கள். வளைவில் அதே இடத்தில் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிவை அமைப்பதுதான் வேலை. மூன்று புள்ளிகளுக்கு மேல் வைக்கிறோம் என்றால் அநேகமாக வேறு ஏதோ கோளாறைக் கர்வ்ஸால் மூடி மறைக்கப் பார்க்கிறோம்.

எந்த வெளிச்சத்தை எந்த டோனில் வைப்பது என்று படம் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யும் முறையை அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் வகுத்தார்கள். சோன் சிஸ்டம் என்று பெயர். கருப்பு முதல் வெள்ளை வரை படிகளாகப் பிரித்து, இந்தப் பாறை இந்தப் படியில் விழ வேண்டும் என்று தீர்மானித்து, ஃபிலிம் கழுவும் நேரத்தைக்கூட அதற்கேற்ப மாற்றுவார்கள். கர்வ்ஸில் நாம் செய்வது அதே முடிவைத்தான், படம் எடுத்து முடித்த பிறகு.

கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் நிறம் எரிகிறது. நிறத்தைத் தொடாமல் கான்ட்ராஸ்ட் மட்டும் கூட வழி உண்டா?

உண்டு. லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து அதன் மேல் கர்வ்ஸ் போடுங்கள், பிறகு அந்த லேயரின் மோடை, அதாவது கீழ் லேயரோடு அது கலக்கும் விதத்தை, "எல்சிஎச் லைட்னஸ்" என்று மாற்றுங்கள். மேல் லேயரிலிருந்து வெளிச்சம் மட்டும் வரும், நிறம் கீழ் லேயரிலிருந்து வரும். ஃபோட்டோஷாப்பில் இதற்கு லுமினாசிட்டி மோட். சில சமயம் இப்படிச் செய்தால் நிறம் ரொம்ப வற்றிப்போனது போல் இருக்கும். அப்போது லேயரின் ஒபாசிட்டியை (அது எவ்வளவு மறைக்கிறது என்ற அளவை) பாதியாக்கிப் பாருங்கள்.

ஷேடோஸ்-ஹைலைட்ஸ், கிளாரிட்டி இவற்றைப் பயன்படுத்தலாமா?

அளவோடு. நிழலையும் பளிச்சென்ற இடத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஷேடோஸ்-ஹைலைட்ஸ் கிம்ப் 2.10இல் வந்தது. வாசலில் வெயிலும் உள்ளே இருட்டுமாக எடுத்த படத்தைக் காப்பாற்றும். அதிகமானால் தலையைச் சுற்றி வெளிறிய ஒளிவட்டம் தோன்றும், சுவாமி படம் ஆகிவிடும். நடு டோன்களின் விவரத்தை எடுப்பாக்கும் கிளாரிட்டிக்குக் கிம்ப்பில் தனி ஸ்லைடர் இல்லை. படத்தைக் கூர்மையாக்கும் அன்ஷார்ப் மாஸ்க்கில் ரேடியஸைப் பெரிதாக 50க்குப் பக்கத்திலும், அமௌண்ட்டைச் சிறிதாக 0.2 அளவிலும் வைத்தால் ஏறத்தாழ அதே விளைவு கிடைக்கும். கோபுரம், கல் மண்டபம், பட்டு நெசவு இவற்றுக்கு அழகாக இருக்கும். பாட்டியின் முகத்துக்கு வேண்டாம்.

கெல்வின் எண்ணைக் கூட்டினால் ஒளி நீலமாகும் என்று படித்தேன். லைட்ரூமில் கூட்டினால் படம் மஞ்சளாகிறதே?

குழம்பாதவர்களே இல்லை. ஒளியின் நிறம் மஞ்சளா நீலமா என்பதைக் குறிக்கும் அளவுதான் கெல்வின். மெழுகுவத்திச் சுடர் சுமார் 1,900 கெல்வின், பழைய குண்டு பல்பு சுமார் 2,700, நடுப்பகல் வெயிலும் ஃபிளாஷும் 5,500ஐ ஒட்டி, நீல வானத்தின் கீழ் உள்ள நிழல் 7,000க்கு மேல். எண் கூடக் கூட ஒளி நீலமாவது உண்மைதான்.

மென்பொருள் நம்மிடம் கேட்பது வேறு. "இந்தப் படம் எடுத்தபோது அங்கே இருந்த ஒளி எது?" என்று கேட்கிறது. நீங்கள் 8,000 என்றால், ஓ, அங்கே நீல ஒளி விழுந்திருக்கிறது போல, அதை ஈடுகட்ட மஞ்சள் சேர்க்கிறேன் என்று சேர்க்கிறது. 2,700 என்றால், மஞ்சள் ஒளி என்று நினைத்து நீலம் சேர்க்கிறது.

இதில் ஒரு பேச்சு உண்டு. ஒளியை முழுதாக ஈடுகட்டுவதே சரி என்று நினைக்க வேண்டாம். கார்த்திகை விளக்கு வரிசையை எடுத்துவிட்டு அகல் சுடரை வெள்ளையாக்கினால் அது கார்த்திகையாக இருக்காது. மஞ்சளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவது என் வழக்கம்.

லெவல்ஸில் உள்ள சாம்பல் டிராப்பரை எதன் மேல் கிளிக் செய்ய வேண்டும்? வேட்டி மேல் செய்தால் முகம் மஞ்சளாகிவிடுகிறது.

கிளிக் செய்த இடத்தை நிறமில்லாச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு படத்தின் நிறத்தை அதற்கேற்பத் திருத்துவது அந்த டிராப்பர். வேட்டி வெள்ளை அல்ல, அதுதான் விஷயம். சலவைத்தூளில் சேர்க்கும் ஒளிர்பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. போதாததற்கு நாம் சொட்டு நீலம் வேறு போடுகிறோம். வெயிலில் வேட்டி லேசாக நீலம் அடிக்கும். அதன் மேல் கிளிக் செய்தால் மென்பொருள் அந்த நீலத்தைக் கழிக்கப் படம் முழுக்க மஞ்சளைக் கொட்டும்.

சிமெண்டுத் தரை, பூசாத சிமெண்டுத் தூண், தார் ரோடு, கறுப்புக் கேமரா பையின் சாம்பல் பட்டை இவை நல்ல இடங்கள். எவர்சில்வர் தாம்பாளம் ஆகாது, சுற்றியுள்ள நிறத்தையெல்லாம் அது வாங்கிக் காட்டும். மல்லிகைப் பூவும் லேசான மஞ்சள்தான். முன்கூட்டியே யோசிக்க முடிந்தால் சாம்பல் அட்டை ஒன்றை மேடை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீத ஒளியைத் திருப்பும் அந்த அட்டை எஸ்ஆர்ஜிபி (திரைகளிலும் இணையத்திலும் வழக்கமான நிற வரையறை) படத்தில் மூன்று சேனலிலும் 118 அளவில் விழுந்தால் வெளிச்சமும் நிறமும் இரண்டும் சரி.

நீலத் தார்ப்பாய்ப் பந்தலில் எடுத்த படங்களில் எல்லோர் முகமும் நீலம். மண்டபத்தில் எடுத்தால் எல்இடியில் ஊதா. என்ன செய்வது?

இரண்டும் ஒரே நோய் இல்லை. தார்ப்பாயின் கீழ் எல்லார் மேலும் ஒரே மாதிரி நீலம் விழுந்திருக்கும். ஆகவே கலர் பேலன்ஸில் நடு டோன்களுக்கு மஞ்சளும் சிவப்பும் சேர்த்தாலே பெரும்பகுதி சரியாகும். சிவப்பு ஷாமியானாவுக்கு எதிர்த்திசை. ஓரமாக உட்கார்ந்து பந்தலுக்கு வெளியிலிருந்து வெயில் வாங்குகிறவர்கள் இந்தத் திருத்தத்தில் மஞ்சளாகிவிடுவார்கள். திருத்தத்தைத் தனி லேயரில் போட்டு, எந்த இடம் தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் லேயர் மாஸ்க்கில் கறுப்பு தீட்டி அவர்களை விலக்குங்கள்.

மேடை எல்இடி வேறு கதை. அந்த ஊதாவிலும் நீலத்திலும் பச்சை ஏறக்குறைய இருக்காது. இல்லாத சேனலை எந்த ஸ்லைடராலும் வரவழைக்க முடியாது. நீலச் சேனல் 255இல் முட்டி முகம் ஒரு தட்டையான ஊதாத் தகடாக இருந்தால், இரண்டு வழிதான். ஒன்று, ஊதாவின் சாச்சுரேஷனைப் பாதியாக இறக்கி, அது மேடை வெளிச்சம் என்று தெரியும்படி விட்டுவிடுவது. மற்றது கறுப்பு வெள்ளை. அடுத்த முறை தாலி கட்டும் அந்தப் பத்து நிமிடத்துக்காவது மேடையின் கலர் லைட்டை நிறுத்தச் சொல்லுங்கள். கேட்டால் நிறுத்துவார்கள், யாரும் கேட்பதில்லை.

முகத்தின் நிறம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "பொண்ணைக் கொஞ்சம் கலராக்குங்க" என்று வீட்டில் சொல்கிறார்களே?

முதல் பாதிக்கு எண்களில் பதில் இருக்கிறது. மாநிறமோ கருப்போ சிவப்போ, சாதாரண வெளிச்சத்தில் எந்த மனிதத் தோலிலும் சிவப்புச் சேனல் அதிகம், அடுத்து பச்சை, கடைசியில் நீலம். கன்னத்தின் மேல் கலர் பிக்கரை வைத்துப் பாருங்கள். 165, 115, 88 என்று இறங்குவரிசை இருந்தால் நன்று. நீலம் பச்சையைத் தொட்டுவிட்டால் முகம் ரோஸ் பவுடர் பூசியது போல் இருக்கும். பச்சை சிவப்பை நெருங்கினால் காமாலை. நீலம் வெகுவாக இறங்கிவிட்டால் ஆரஞ்சு. தோலின் வெளிச்சம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறினாலும் அதன் அடிப்படைச் சாயல் ஏறத்தாழ ஒரே திசையில்தான் இருக்கிறது. வீடியோக்காரர்கள் வெக்டர்ஸ்கோப்பில் (நிறச் சாயலைக் காட்டும் வட்ட வரைபடத்தில்) ஒற்றைக் கோட்டை வைத்து எல்லாத் தோலையும் சரிபார்ப்பது அதனால்தான். எண் பார்க்கும்போது மஞ்சள் பூசிய இடத்தையும் குங்குமத்தின் பக்கத்தையும் தவிருங்கள்.

இரண்டாவது பாதிக்கு வருவோம். லைட்ரூமில் ஆரஞ்சு லுமினன்ஸை ஏற்றினால் தோல் மட்டும் வெளுக்கும். ஸ்டூடியோக்களில் இது பிரீசெட்டாகவே இருக்கிறது. அதைப் போட்டதும் கன்னத்தின் வளைவைக் காட்டும் நிழல் போய்விடும், மூக்கு தட்டையாகும், கழுத்தும் கையும் ஒரு நிறமாகவும் முகம் வேறு நிறமாகவும் நிற்கும். பேரக்குழந்தைகள் அந்த ஆல்பத்தைப் பார்த்து "இது யாரு?" என்று கேட்பார்கள். நான் செய்து தருவதில்லை.

கேட்பவர்களின் குறையில் உண்மையும் இல்லாமல் இல்லை. கருப்புத் தோல் பல படங்களில் விவரம் இல்லாமல் விழுவது நிஜம், அதற்கு வரலாறும் உண்டு. கோடாக் கம்பெனி லேப்களுக்குப் பிரிண்ட் சரிபார்க்க அனுப்பிய "ஷெர்லி கார்டு"களில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. அந்தத் தோலுக்கு ஏற்றபடியே வண்ணம் சரி செய்யப்பட்டது. பழுப்பு நிறங்களில் விவரம் வரவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் செய்த பிறகே ஃபிலிமில் கவனம் திரும்பியது. பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் கார்டு 1990களில்தான் வந்தது. கூகுள் தன் பிக்சல் 6 கைப்பேசியில் எல்லாத் தோல் நிறத்தையும் சரியாகக் காட்டுவதாகச் சொல்லி "ரியல் டோன்" என்ற வசதியை அறிவித்தது 2021இல்.

ஆக, வீட்டார் கேட்பதை "முகத்தில் விவரம் வேண்டும்" என்று எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கர்வ்ஸில் கன்னத்தின் புள்ளியைச் சுற்றிச் சரிவை மட்டும் கூட்டுங்கள். நெற்றியின் மினுக்கமும் தாடையின் நிழலும் பிரிந்து தெரியும். பின்னணி முகத்தைவிட வெளிச்சமாக இருந்தால் அதை இறக்குங்கள். நிறத்தை மாற்றாமலே முகம் எழுந்து வரும். இப்படிச் செய்து கொடுத்த படத்தை "கலராக்கவில்லை" என்று யாரும் திருப்பித் தந்ததில்லை.

சாச்சுரேஷனுக்கும் வைப்ரன்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

சாச்சுரேஷன் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் ஏற்றும். வைப்ரன்ஸ் ஏற்கெனவே அடர்ந்த நிறங்களை அதிகம் தொடாமல் மங்கியவற்றை ஏற்றும், தோல் சாயலிலும் கொஞ்சம் அடக்கி வாசிக்கும். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் வைப்ரன்ஸையே பயன்படுத்துங்கள்.

அலமாரியில் இருந்த 1980களின் கலர் பிரிண்ட் செம்மஞ்சளாகிவிட்டது. மீட்க முடியுமா?

முகம் அறியும் அளவுக்குப் பெரும்பாலும் முடியும். அந்தக் காலக் கலர் பிரிண்ட்டில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயப் படலங்கள். மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. சயான் முதலில் போன பிரிண்ட் சிவந்து நிற்கும்.

ஸ்கேன் செய்து லெவல்ஸைத் திறந்தால் நோய் அப்படியே தெரியும். சிவப்புச் சேனல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும், நீலம் ஒடுங்கிக் கிடக்கும். ஒவ்வொரு சேனலிலும் தனித்தனியாக இரண்டு ஓர முக்கோணங்களையும் மேடு தொடங்கி முடியும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கலர்ஸ் மெனுவில் ஆட்டோவின் கீழ் உள்ள ஒயிட் பேலன்ஸ் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு சேனலிலும் இரு ஓரத்திலும் 0.05 சதவீதப் புள்ளிகள் மட்டுமே பயன்படுத்தும் அளவுகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை இழுத்து விரிக்கும். பழைய பிரிண்ட்டுக்கு ஆட்டோ அருமை. சாயங்காலச் சூரியனுக்கு அதே ஆட்டோவைப் போட்டால் செவ்வானத்தை நோய் என்று நினைத்துக் குணப்படுத்திவிடும்.

ஸ்கேன் செய்யும்போது பிரிண்ட்டின் வெள்ளை ஓரத்தை வெட்டாமல் எடுங்கள். ஆனால் திருத்தும்போது படப்பகுதியை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓரம் ஹிஸ்டோகிராமைக் கெடுக்கும்.

கறுப்பு வெள்ளையாக்கினால் சிவப்புப் புடவையும் பச்சை ரவிக்கையும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன. ஏன்?

எந்த முறையில் மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. டீசாச்சுரேட் பெட்டியில் பல முறைகள் உள்ளன. "ஆவரேஜ்" மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுக்கிறது, சுத்தச் சிவப்பும் சுத்தப் பச்சையும் இரண்டும் 85 ஆகிவிடும். நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. பச்சை வெளிச்சமாகவும் நீலம் இருட்டாகவும் தெரியும். "லுமினன்ஸ்" முறை அதை ஒட்டிப் பச்சைக்கு சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 என்று எடை கொடுக்கிறது. வழக்கமாக அதைத் தேர்ந்தெடுங்கள்.

அதிலும் பிரியவில்லை என்றால் மோனோ மிக்சரில் எடையை நீங்களே வையுங்கள். சிவப்பைக் கூட்டினால் நம் ஊர்த் தோல் வெளிச்சம் பெற்று வழுவழுப்பாகும், சிவப்புப் புடவையும் வெளுக்கும். நீலத்தைக் கூட்டினால் தோலின் ஒவ்வொரு சுருக்கமும் எழும். மீனவர், உழவர் முகங்களுக்கு அது பொருந்தலாம், கல்யாணப் பெண்ணுக்குப் பொருந்தாது. சிவப்பு ஒளியையே உணராத பழைய ஃபிலிம்களில் உதடுகள் கருத்துத் தெரிந்ததும் இதே கணக்கால்தான்.

திருத்திய வானத்தில் படி படியாகக் கோடுகள் விழுகின்றன.

8 பிட் படத்தில் சேனலுக்கு 256 படிகள்தான். வானம் அதில் முப்பது படிகளுக்குள் அடங்கியிருக்கும். அதை இழுத்து விரித்தால் படிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும், ஹிஸ்டோகிராமும் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு, அங்கே இந்தத் தொல்லை குறைவு. கிம்ப் 2018இல் வந்த 2.10 முதல் 16, 32 பிட்டில் வேலை செய்யும். ஜேபெக்கைத் திறந்தவுடன் 32 பிட்டாக மாற்றினால் இல்லாத படிகள் முளைக்காது, ஆனால் திருத்தத்துக்குமேல் திருத்தம் போடும்போது இருப்பவை உடையாமல் இருக்கும். கிம்ப் ராவைத் தானே திறக்காது, டார்க்டேபிள் அல்லது ராதெரபியை நிறுவியிருந்தால் அதன் வழியாக வாங்கிக்கொள்ளும். இரண்டும் இலவசம்.

கணினியில் ஒரு மாதிரி, கைப்பேசியில் ஒரு மாதிரி, பிரிண்ட்டில் இருட்டு. எதை நம்புவது?

பிரிண்ட் இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் லேப் காரணமில்லை, நம் திரை அளவுக்கு மீறி வெளிச்சமாக இருப்பதுதான். பிரிண்ட்டுக்கான வேலையில் திரையின் வெள்ளை, பிரகாச அளவில், சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா வரை இருந்தால் போதும் என்பார்கள். அளக்கும் கருவி இல்லாவிட்டால் வெள்ளைத்தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளை விளக்கு எரிவது போல் தாளைவிடப் பிரகாசித்தால் குறையுங்கள். நைட் லைட் போன்ற மஞ்சள் வடிகட்டியை அணைத்துவிடுங்கள். கைப்பேசியில் டிஸ்பிளே "விவிட்"டில் இருந்தால் "நேச்சுரல்" ஆக்கிப் பாருங்கள்.

லேப்புக்கு வேறு ஏதும் சொல்லாவிட்டால் எஸ்ஆர்ஜிபியில் அனுப்புங்கள். அடோபி ஆர்ஜிபி (எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிற வரையறை) கோப்பை, அதைப் புரிந்துகொள்ளாத இயந்திரம் எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து அச்சிட்டால் நிறம் வெளிறிப்போகும். மேட் தாளில் கருப்பு அவ்வளவு ஆழமாக விழாது, ஆல்பம் மேட் என்றால் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டியே அனுப்பலாம். ஆல்பம் முழுக்க அனுப்பும் முன் ஒரு தாள் சோதனைப் பிரிண்ட் வாங்கிப் பாருங்கள்.

ராத்திரி சரியாகத் தெரிந்த நிறம் காலையில் பார்த்தால் தப்பாகத் தெரிகிறதே?

கண் பழகிவிடுவதுதான். மஞ்சள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். பக்கத்து நிறமும் ஏமாற்றும். பாரிஸ் கோப்லான் நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் செவ்ரல், கருப்பு நூல் வெளிறியிருக்கிறது என்ற புகாரை ஆராயப் போய், சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்த நிறம்தான் கருப்பை அப்படிக் காட்டுகிறது என்று கண்டார். 1839இல் அதை விரிவாக எழுதினார். கிம்ப்பின் தீமைச் சாம்பலிலேயே வைத்திருங்கள், டெஸ்க்டாப் படத்தையும் சாம்பலாக்குங்கள். நடுநடுவே எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளியே பாருங்கள்.

சினிமா மாதிரி ஆரஞ்சும் நீலப்பச்சையுமாக வேண்டும்.

கலர் பேலன்ஸில் ஷேடோஸுக்குச் சயானும் நீலமும், ஹைலைட்டுக்குச் சிவப்பும் மஞ்சளும் லேசாகச் சேருங்கள், அவ்வளவுதான். வாழை மரமும் வெற்றிலையும் மாவிலைத் தோரணமும் நீலச் சாயல் அடிக்கும், பரவாயில்லையா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நானூறு படம் இருக்கிறது. ஒவ்வொன்றாகவா செய்வது?

வெளிச்சத்தின்படி பிரியுங்கள். மாப்பிள்ளை அழைப்பு, மேடை, பந்தி, வெளிவாசல் என்று நாலைந்து குவியல் வரும். குவியலுக்கு ஒரு படத்தைப் பொறுமையாகத் திருத்துங்கள். டார்க்டேபிளில் அதன் ஹிஸ்டரியை நகலெடுத்து மற்றவற்றின் மேல் ஒட்டலாம். லைட்ரூமில் சிங்க் பட்டன். கிம்ப்பில் லெவல்ஸ், கர்வ்ஸ் பெட்டிகளின் மேலே உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் அமைப்பைப் பெயரிட்டுச் சேமித்து அடுத்த படத்தில் எடுத்துக்கொள்ளலாம். 2025இல் வந்த கிம்ப் 3.0இல் பெரும்பாலான ஃபில்டர்களைப் போட்ட பிறகும் திறந்து மாற்ற முடிகிறது. அதற்குக் கோப்பைக் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பாகச் சேமித்திருக்க வேண்டும், ஜேபெக்கைக் கடைசியில் ஒரே ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒட்டி முடித்ததும் எல்லாவற்றையும் சிறு படங்களாக ஒரே பக்கத்தில் பரப்பிப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது தெரியாத மஞ்சள் முகம் அங்கே உடனே கண்ணில் படும், அதை மட்டும் தனியாகத் திறந்து திருத்தினால் போதும்.